யார் பொறுப்பு என்ற கேள்வி

இலண்டனின் விம்பிள்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த பெண்கள், தமக்கென ஒரு கூட்டுறவு நிறுவனம் தொடங்கி அதன் துப்புரவு ஒப்பந்தத்தைத் தமக்கே தரும்படி கேட்ட கதை எங்கள் ஆலய மண்டபத்தில் பலவிதமாகச் சொல்லப்படுகிறது. நேர்காணலில் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பர் சிலர். அவர்கள் அழுதார்கள் என்பர் வேறு சிலர். அவர்களுக்குத் துணையாகச் சென்ற நான் அவ்வறையில் இருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. அவர்களுடைய இழப்பைப் பெரிதாக்கிக் காட்ட எனக்கு உரிமையில்லை. ஆகவே, நான் கண்டதையும், உடனிருந்த இருவரும் உண்மையென ஏற்றதையும் மட்டுமே எழுதுகிறேன்.

அவ்விருவருள் ஒருவர் இலங்கையின் மன்னாரைச் சேர்ந்த அக்கா. மற்றவர் ஜமைக்காவிலிருந்து வந்தவர், அக்காவுக்கு மூத்தவர். அக்கட்டடத்தை அவர்கள் நெடுங்காலம் கூலிக்குத் துடைத்தார்கள். ஒப்பந்த நிறுவனங்கள் மாறும்போதெல்லாம் சீருடையின் நிறம் மாறியது, கூலி மாறவில்லை.

“எங்கட வேலையை நாங்களே எடுத்தால் என்ன, ரீச்சர்?” என்று ஆசிரியரான என்னிடம் முதலில் கேட்டவர் அக்கா. கானாவிலிருந்து வந்த பெண்களும் சேர்ந்தார்கள். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத நான் உதவினேன். மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். நேர்காணும் அதிகாரியாக நான் அமர்ந்து கேள்வி கேட்டேன். நடுவே எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது, “உண்மையான அதிகாரிக்கு எங்களிடம் இவ்வளவு செல்லம் கிடைக்காது” என்றார் ஜமைக்காப் பெண்மணி.

நேர்காணல் அதே கட்டடத்தில், அன்று விடியலில் அவர்கள் துடைத்த மேசையருகே நடந்தது. எல்லாக் கேள்விகளுக்கும் தெளிவாகவே விடை சொன்னார்கள். இறுதியில் அதிகாரி கேட்டார்:

“ஏதேனும் தவறு நேர்ந்தால் உங்களில் யார் பொறுப்பு?”

ஒத்திகையில் எவரும் நினைத்திராத கேள்வி அது. வேலையில் ஒருவர் மற்றவருக்குக் கட்டளையிட்டதில்லை. ஒருவருக்கு முதுகு நொந்த நாளில் மற்றவர் படிக்கட்டுகளை எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் அவர்களுடைய ஏற்பாடு. அக்கா தம் ஜமைக்காத் தோழியைப் பார்த்தார். தோழி அக்காவைப் பார்த்தார். பின்னர் அக்கா மெல்லிய குரலில், “எல்லோருந்தான்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு நன்றி கூறினார்.

திரும்பும் பேருந்தில் அக்கா என்னிடம், “அவ என்னைவிட மூத்தவ. அவ இருக்கேக்கை நான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?” என்றார். அதைத் தோழிக்கு மொழிபெயர்த்தேன்.

“யோசனை அவளுடையது. நான் எப்படி முந்துவது?” என்றார் தோழி. பிறகு, “இனி நாங்கள் சண்டை பிடிக்கப் பழக வேண்டும்” என்றார்.

“ஓம், நாளைக்கே தொடங்குவம்” என்றார் அக்கா.

ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குப் போயிற்று. அது இருவரையும் வேலையில் வைத்துக்கொண்டது. ஆனால் தோழியைத் தொலைவிலுள்ள மற்றொரு கட்டடத்துக்கு மாற்றியது. கூட்டுறவு மெல்லக் கலைந்தது. அக்கா இப்போது தனியாகவே படிக்கட்டுகளைத் துடைக்கிறார். முதுகு நோவும் நாளிலும்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த அக்கா சொன்னார்: “ஆர் பொறுப்பு எண்டு இப்ப எங்களுக்கு வடிவாத் தெரியும், ரீச்சர். சூப்பர்வைசரின்ரை படத்தைச் சுவரிலை ஒட்டியிருக்கினம்.”

ஒப்பந்தம் மறுக்கப்பட்ட காரணத்தை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதிகாரி குறித்துக்கொண்டது என்னவென்று தெரியாது. அந்தச் சிறு மௌனந்தான் காரணமா, நாங்கள் அறைக்குள் நுழையும் முன்னரே முடிவாகியிருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.