செவிட்டுக் காதில் கேட்ட தட்டல்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். என் வேலையே காதுதான். ஜெர்மனியில், பான் நகரத்துக் கடை ஒன்றில் காது கேட்கும் கருவி பொருத்துகிறேன், யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று அளந்து கோடு போட்டுக் காட்டுவேன். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லுகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது.

என் கணவருக்குச் சின்ன வயதில் கன்னம் வீங்குகிற கூகைக்கட்டு வந்து இடது காது அடியோடு போய்விட்டது. நானே பலமுறை சோதித்திருக்கிறேன், ஒன்றுமே இல்லை. எங்கள் மகள் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார், அவள் சுற்றி வந்து மற்றப் பக்கம் நிற்பாள்.

பவேரியாவில் ஒரு கலியாணம் முடிந்து, மகளை என் தங்கையின் காரில் அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். டோனாவ் ஆற்றுக்குக் கிட்ட, கற்கால மனிதர் சக்கிமுக்கிக் கல் தோண்டிய இடமும் ஒரு சின்ன அருங்காட்சியகமும் இருந்தன. இவர் தரைஓடு பதிக்கிறவர், கல் என்றால் விடமாட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் வரி வரியான கல், சவரக்கத்தி போலக் கூர். தோண்டியது மான் கொம்பாலாம். ஒரு ஆள் மட்டும் இறங்கக்கூடிய கிணறு மாதிரிக் குழிகள், புதுக்குழி மண்ணைப் போட்டுப் பழையதை மூடிவிடுவார்கள், எல்லாம் இப்போது வயலுக்கு அடியில் என்று அங்கே வேலை செய்த பெண் சொல்லி, பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னார்.

பின்னால் அறுவடை முடிந்த வெறும் நிலம். நல்ல வெயில், எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் நின்று தலையைச் சாய்த்தார், அதுவும் இடது பக்கமாக.

“கீழை ஆரோ தட்டுகினம்,” என்றார்.

காது இரைச்சலாக இருக்கும் என்றேன். இல்லையாம், கல்லில் ஏதோ படுகிற சத்தமாம், விட்டு விட்டு வருகுதாம். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கைப்பையில் கிடந்த மெழுகு அடைப்பானால் நல்ல காதை இறுக்க அடைத்து, மேலே அவர் கையாலும் பொத்தச் செய்தேன்.

“இப்பதான் வடிவாக் கேட்குது.”

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. அந்தக் காதுக்கு உயிர் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். குனிந்து அதற்குள் அவர் பெயரைச் சொன்னேன், மகளின் பெயரைச் சொன்னேன், பிறகு கத்தியும் பார்த்தேன். அவர் அசையவில்லை. என் குரலுக்கு அது செத்த காதுதான். சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவர் குனிந்து ஒரு கல்லால் நிலத்தில் தட்டினார். அதே மாதிரித் திருப்பித் தட்டுகிறார்களாம். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அடைப்பானை எடுத்து, நான் தட்டத் தட்ட, கீழே எத்தனை கேட்கிறதோ அத்தனை விரல் தூக்கும் என்று சொல்லி, திரும்ப அடைத்தேன். அவர் எனக்கு முதுகு காட்டி நிற்க, நான் நன்றாகத் தள்ளிப் போய் மூன்று தட்டுத் தட்டினேன். கொஞ்சம் பொறுத்து மூன்று விரலைத் தூக்கினார். அடுத்து ஒன்று தட்டினேன், ஒரு விரல். அப்போதும் நான் விடவில்லை, அதிர்வு காலில் தெரிந்திருக்கலாம் அல்லவா? அதனால் கடைசி முறை கல்லைத் தொடவேயில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஐந்து என்று மனதுக்குள் மட்டும் நினைத்தேன்.

இந்த முறை வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு ஐந்து விரலையும் விரித்தார்.

இவ்வளவு காணும், போவம் என்று அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த கிழமை கடைக்குக் கூட்டிப் போய் இடது காதைச் சோதித்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை, எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டபடி சாதாரணமாகச் சொன்னார்.

“கடைசி ஐஞ்சும் எனக்குக் கிட்ட இல்லையப்பா. நீர் நிண்ட இடத்திலை, உம்மடை காலுக்கு நேர் கீழைதான் தட்டினவை.”

நான் தட்டவேயில்லை என்பதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. இப்போதும் சமையலறையில் வெறுங்காலோடு நிற்கும்போது, நினைத்தாற்போல் ஒரு காலைத் தூக்கிவிடுகிறேன்.