இரவல் ஆட்டக்காரன்

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சியது புதுவாயல் டீக்கடையும் அதன் டிவியும்தான். அன்று சாயங்காலம் இங்கிலாந்து கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. நடுக்களத்தில் ஆடிய இளைஞனை அவனுடைய கிளப் இன்னொரு கிளப்புக்கு இரவல் கொடுத்திருப்பதாகப் பக்கத்தில் இருந்த ரஹீமிடம் சொன்னேன்.

"நம்மள மாதிரி வாடகைக்கு உட்டுக்கினு கீறாங்க" என்று சிரித்தான். காண்ட்ராக்டர் மூலம் இரும்பு ஆலைக்குப் போகிறவன். முந்தின நாள் அங்கே கம்பிக்கட்டு உருண்டு முழங்கால் வீங்கியிருந்தது.

அப்போது அந்த ஆட்டக்காரன் அடிபட்டு விழுந்தான்.

"இப்ப அவன யாரு சார் பாப்பாங்க?"

"சொந்த கிளப் வைத்தியம் பார்க்கும்."

"என்னிய? கம்பெனி காண்ட்ராக்டரக் கேளுன்றான். அவரு ஊட்ல வுழுந்தேன்னு சொல்லுன்றாரு."

காலமெல்லாம் பர்சனல் ஆபீசில் தொழிலாளர் விவகாரம் பார்த்தவன் நான். ஆலைக்கும் பொறுப்பு உண்டு என்ற சட்டம் தெரியும். ஆலை அதை ஒப்புக்கொள்வதற்குள் முழங்கால் கோணலாகவே ஆறிவிடும் என்பதும் தெரியும். சட்டத்தைச் சொல்லிவிட்டு எழுந்துபோவதுதான் வழக்கம். அன்று எழ முடியவில்லை.

"திங்கட்கிழமை ஆலைக்கு நானும் வரேன்."

"உனுக்கு எதுக்கு சார் பேஜாரு?"

"வேற வேலை இல்லை."

ஆலை, தொழிலாளர் ஆபீஸ் என்று பல மாதம் படியேறிய பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. ரஹீம் இப்போது சற்றுச் சாய்ந்து நடக்கிறான். நடைமுறை அத்தனையும் தெரிந்தவன் துணைக்கு நின்றும் கிடைத்தது அவ்வளவுதான். தனியாகப் போனவர்களைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.