கேட்பாரற்ற போன்

போனைப் பிடுங்கியபோது மகள் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே தையல்காரி மிஷினில் போய் உட்கார்ந்தாள். பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் தைத்து முடிக்கும்வரை பிள்ளை தொந்தரவு செய்யாமலிருக்க, அவளே கொடுத்துப் பழக்கிய போன் அது.

மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி "போதும்டா கண்ணு" என்றால் போதும், இதே பிள்ளை போனைக் கையில் கொடுத்துவிடும். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. மாடிப்படியில் நின்று கேட்டேவிட்டாள்.

"அவளுக்கு என்னடி சொக்குப்பொடி போட்டே?"

"பொடியும் இல்ல, மண்ணும் இல்லக்கா. நானும் கூட உக்காந்து பாப்பேன். அந்த முயல் கதை எனக்கே பிடிச்சுப்போச்சு."

"குடுத்துவெச்சவ. உனக்கு நேரமிருக்கு."

இறங்கி வந்து போனை மகளிடம் நீட்டினாள். "இன்னிக்கு எவ்வளவு நேரம் வேணா பாரு. ஆனா மேல போகக்கூடாது."

"நீயும் பாப்பியாம்மா?"

"எனக்கு வேலை கெடக்குல்ல?"

மகள் போனை மிஷின்மேல் வைத்துவிட்டுப் படியேறினாள்.

"எங்கடி போற? போன் இங்க இருக்கு!"

"சித்தி முயல் மாதிரி குதிச்சுக் காட்டுறேன்னு சொன்னாங்க."

மறுநாள் தையல்காரி பதினாறு காலர் தைத்தாள். நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் போன் முழுச் சார்ஜோடு கிடந்தது. யாரும் கேட்கவில்லை. மாடியில் சிரிப்புச் சத்தம் எழுந்தபோதெல்லாம் மிஷினை வேகமாக மிதித்தாள்.