மாசி மழையில் நனைந்த சூடு

நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் முள்ளியவளையில் மாசி மாதம் பனிதான் பெய்யும். அறுத்த நெற்கதிரைச் சூடாக, பெரிய போராக அடுக்கிவிட்டுக் கவலையில்லாமல் இருக்கலாம். தொண்ணூறுகளில் இந்த மழைக்கு என்ன விசர் பிடித்ததோ, கார்த்திகையில் ஒளித்துக்கொண்டு, நாங்கள் சூடு வைத்த பிறகு வந்து கொட்டியது.

நனைந்த சூட்டைப் பிரித்தால் உள்ளே கரும்பச்சையாகப் பூஞ்சணம். கதிரை இழுக்க இழுக்கத் தூள் புகையாகக் கிளம்பும். என் மனுசனுக்கோ தொய்வு, மூச்சிழுப்பு வருத்தம். அந்தத் தூள் பட்டால் போதும், நெஞ்சு இரையத் தொடங்கிவிடும். தொய்வுக்கு விழுங்குகிற குளிசையும், சண்டையும் தடையுமாக இருந்த அந்த நாட்களில் வன்னிக்கு லேசில் வராது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு நில்லுங்கோ. சூட்டை அத்தான் பிரிக்கட்டும்" என்றேன். அத்தான் அவருடைய தமையன்.

"நெல்லுக்குப் பயந்து நிண்டால் ஊர் சிரிக்கும். நீ சும்மா இரு."

மாடு விட்டுச் சூடு மிதிக்கும்போது பெண்கள் களத்துக்குள் காலடி வைக்கக் கூடாது, ஆண்களும் செருப்போடு மிதிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் தேத்தண்ணிக் கேத்தலோடு வேலியோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளை, உள்ளுக்கு வராதை! நாங்கள் பாக்கிறம்" என்று அத்தான் கத்தினார்.

என்னத்தைப் பார்க்கப் போகிறார்? குளிசை என் சேலைத் தலைப்பில் அல்லவா முடிந்திருந்தது! கேத்தலைப் போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். குளிசையை அவர் வாயில் திணித்து, ஆளை இழுத்துக்கொண்டு வந்து வேம்பின் கீழ் இருத்தினேன்.

பொழுதுபடத்தான் அவருக்கு மூச்சு அடங்கிக் கதைக்க முடிந்தது. முதலில் கேட்டது இதுதான்: "களத்துக்குள்ள ஏன் வந்தனீ?"

கன்னத்தில் ஒன்று விடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அழுதுவிட்டேன்.

அந்த முறை பாதி நெல் பழுதாய்ப் போனது. நான் செருப்புக் காலோடு களத்தை மிதித்ததால்தானாம், அத்தான் சொன்னார். "மழை அதுக்கு முதலே பெய்து முடிஞ்சுதே" என்று அத்தானிடமே கேட்டேன். அவர் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

அடுத்த மாசியிலும் மழை. சூடு பிரிக்கிற அன்று காலை இவர் என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"குளிசையைத் தா. நானே மடியில வைச்சிருக்கிறன். நீ அங்கால வராதை."

"ஒண்டுதான் கிடக்கு."

"காணும்."

காணுமாம்! ஒரே ஒரு குளிசை போதுமாம்! அவர் போன பின்னாலேயே போய் வேலியோரம் நின்றேன். சூட்டின் மேல் அவர் கை வைத்ததும் தூள் கிளம்பியது. நான் செருப்பை முதலே கழற்றி வைத்துவிட்டேன்.