பெரியப்பா என்கிற ஆமையும் உலைவாயனும்

ஜெயிக்க உதவாத ஒன்றை ஒருத்தி ஏன் விடாமல் கூடவே கூட்டிக்கொண்டு போக வேண்டும்? மடிப்புச் சித்தி என்னிடம் இப்படிக் கேட்டபோது, செல்போன் விளையாட்டைப் பற்றித்தானே கேட்கிறார் என்று நினைத்து, "எனக்கு அந்த கேம் விளையாடத் தெரியாது சித்தி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முழுக் கதையும் பிறகுதான் தெரிந்தது. அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம் சலவைக்கூடம் இருக்கிறது. உள்ளே நுழைந்தாலே முகத்தில் ஆவி அடிக்கும். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியில் வரும். இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, அதைச் சூட்டு உருளைக்குள் விடுவார்கள். மறுபக்கம் விரிப்பு காகிதம் போல விறைப்பாக வெளியே வரும். அங்கே நின்று அதை மடிப்பவர்தான் மடிப்புச் சித்தி. உருளையில் வலது முனை பிடிப்பவள்தான் இந்தக் கதைக்குரியவள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய தம்பி தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் வந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி "அக்கா" என்று கத்துவானாம். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தம்பி இப்போது வருவதில்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

அவளுடைய போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தவனும் தம்பிதான். விதவிதமான விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு அனுப்ப வேண்டும். பிடித்த விலங்குக்குக் குட்டி என்று பெயர். அக்காளும் தம்பியும் பஸ்ஸில் போகும்போது ஆளுக்கொரு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து குட்டி பிடிப்பார்கள். அக்கா நிறையப் பிடித்தாள். தம்பி ஒன்றே ஒன்றின்மேல்தான் உயிரை வைத்திருந்தான். அது ஒரு சேற்றாமை. அதற்குப் "பெரியப்பா" என்று பெயர் வைத்தான். அவர்களுடைய நிஜப் பெரியப்பா, வாசலில் யாராவது கூப்பிட்டால் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, செருப்பைத் தேடி, கதவைத் திறப்பதற்குள் வந்தவர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஆமையும் அப்படித்தான்.

தம்பிக்கு வேலை கிடைக்காமல் இருந்தபோது, ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் ஒரு இடம் காலியாக இருப்பது தெரிந்து அக்காதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம் அக்காவே பதில் சொன்னாள். என்ன படித்தான், எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், கனமான மூட்டை தூக்குவானா, எல்லாவற்றுக்கும். கடைசியில் அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே, "ஏம்மா, உன் தம்பிக்கு வாய் பேச வராதா?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே அவன் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வேறு ஊரில் நண்பன் வேலை பார்த்து வைத்திருக்கிறான் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னான். அவனுடைய பழைய நம்பர் வேலை செய்யவில்லை. ஒரே ஒரு தடவை, யாருடைய போனிலிருந்தோ அம்மாவைக் கூப்பிட்டான். நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

"அக்கா இங்கதான்டா இருக்கா. குடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. அப்புறம் பேசறேன்."

அக்கா கையை நீட்டியபடியே நின்றிருந்தாள். அந்த "அப்புறம்" இன்னும் வரவில்லை.

மிச்சம் இருந்தது விளையாட்டு மட்டும்தான். அதில் நண்பர் பட்டியலில் இருப்பவர்களின் குட்டியை நாம் இரவல் வாங்கலாம். நண்பர் விளையாட வராவிட்டாலும், அவர் கடைசியாக விட்டுப்போன குட்டி அப்படியே நிற்கும். தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் பெரியப்பா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றிருந்தார். கீழே "நெடுநாளாக வரவில்லை" என்று சாம்பல் நிற எழுத்து.

விளையாட்டில் சில மாதத்துக்கு ஒரு பருவம் மாறும். அந்தப் பருவத்தில் ஒரு பூதம் வந்தது. உலைவாயன் என்று பெயர். விளையாடுகிறவர்கள் எல்லாரும் அதனிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரவல் குட்டியின் கடைசி அடியில் உலைவாயன் விழுந்தால், அந்தக் குட்டியின் சொந்தக்காரர் போனுக்கு ஒரு சேதி போகும் என்று விளையாட்டில் போட்டிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்ற பெயரோடு போகும். கூட ஒரு வரியும் அனுப்பலாம். அந்த விளையாட்டில் இன்னொருவரோடு பேச வேறு வழியே கிடையாது.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அன்றிலிருந்து தினமும் மதிய இடைவேளையில் உலைவாயனிடம் போனாள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போக முடியும். பருவம் முடிந்தால் பூதமும் போய்விடும். அதோடு, பருவம் முழுக்க எட்டிப் பார்க்காத நண்பர்களின் பெயரும் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும்.

இந்த விஷயத்தில் அவளுக்கு ஒரு ஆலோசகர் இருந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர். எல்லாரும் அவரைக் கேப்டன் என்பார்கள். சலவைக்கூடத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, கூப்பிடும்வரை அதே விளையாட்டைத்தான் விளையாடுவார். வீட்டில் கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல்.

"அக்கா, உலைவாயன் முதல்ல நகத்தால பிறாண்டுவான். அப்புறம் மூச்ச இழுப்பான். அடுத்த தடவ நெருப்ப ஊதுவான். அவன் ஊதறதுக்குள்ள கதைய முடிச்சுடணும். நம்ம மின்விலாங்க இரவல் எடுத்துக்கோங்க. மூணு அடி. ஆள் காலி."

"உங்க விலாங்கு வேண்டாம்ணே. என் கூட பெரியப்பா வர்றாரு."

"அவரு வந்து என்ன பண்ணுவாரு? கல்யாண வீட்டுல நாற்காலி தேடற மாதிரி நிப்பாரு."

"நின்னா நிக்கட்டும்."

சண்டைக்கு நான்கு குட்டிகள். முன்வரிசையில் இரண்டு, பின்வரிசையில் இரண்டு. அக்காவிடம் ஒரு கல்லாடு, ஒரு மழைத்தவளை, அடிபட்டவர்களைத் தேற்றும் ஒரு மருந்துக்குருவி. ஆடும் தவளையும் முன்னால் நிற்கும். நோஞ்சானான பெரியப்பாவைப் பின்னால் ஒளித்து, பக்கத்திலேயே குருவியையும் வைப்பாள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நோஞ்சானை யாராவது முன்னால் நிறுத்துவார்களா?

உலைவாயன் ஊதுவான். பெரியப்பா கருகுவார். தினமும் இதுதான்.

ஒருநாள் ஜெயிக்கிற நிலைக்கு வந்து கைநழுவியது. அக்கா தன்னை மறந்து, "ஐயோ, பெரியப்பா செத்துட்டாரு!" என்று அலறிவிட்டாள். மேற்பார்வையாளர் தன் அறையிலிருந்து ஓடிவந்தார்.

"எப்போம்மா?"

"இப்பத்தான் சார்..."

"சரி சரி, நீ உடனே கிளம்பு. அரை நாள் லீவு போட்டுக்கறேன்."

மடிப்புச் சித்தி விரிப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "சார், அவரு தினமும் சாவாரு சார். நீங்க லீவு குடுத்துக் கட்டுப்படியாகாது" என்றார். விஷயம் தெரிந்ததும் மேற்பார்வையாளர் திட்டிவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் அவரே வந்து, "இன்னிக்கு எப்படி இருக்காரு?" என்று விசாரித்தார்.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு சித்திதான் கேட்டார். "ஏண்டி, அந்த விலாங்கத்தான் எடுத்துக்கயேன். எதுக்கு இந்த ஆமைய இழுத்துக்கிட்டுத் திரியற?"

அக்கா டப்பாவைக் கழுவிக்கொண்டே இருந்தாள். குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

பருவம் முடியப்போகிற வாரம். அக்கா அப்போதுதான் உலைவாயன் வாசலில் குட்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பச்சைத் துணி வண்டி வந்துவிட்டது. பச்சைத் துணி வந்தால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்புறம்தான். அவசரத்தில் ஈர விரல் வழுக்கி, பெரியப்பா முன்வரிசைக்குப் போய்விட்டார். தவளை பின்னால் போய்விட்டது. சண்டையும் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் போச்சு என்று போனைச் சூடான விரிப்பு அடுக்கின்மேல் போட்டுவிட்டு ஓடினாள்.

நம் முறை வந்ததும் அந்தச் சண்டை நாம் தொடும்வரை காத்திருக்கும். திரும்பி வந்தபோது உலைவாயன் பிறாண்டி முடித்திருந்தான். பெரியப்பா சாகவில்லை. நகம் ஓட்டில் பட்டு வழுக்கியிருந்தது. ஓட்டின்மேல் அதுவரை அவள் பார்த்தே இராத மஞ்சள் கோடு ஒன்று மினுங்கியது. அடுத்து நெருப்பு வந்தது. அது முன்வரிசையைத் தாண்டிக் குதித்து, பின்வரிசையின் தலையில் விழுந்தது. தவளை தண்ணீர்ப் பிராணி, தாங்கிக்கொண்டது. பெரியப்பாவுக்கு ஒரு பொறிகூடப் படவில்லை.

ஒளித்துவைத்த இடத்தில்தான் நெருப்பு விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுபடி பிறாண்டல். இன்னொரு மஞ்சள் கோடு. பெரியப்பாவின் உயிர்க்கோடு பாதியாகச் சுருங்கியது. அக்காவின் கட்டைவிரல் பழக்கத்தில் குருவியைத் தொட்டது. குருவி பறந்துவந்து ஆமையைத் தேற்றியது. உயிர் நிரம்பியது. மஞ்சள் கோடுகள் எல்லாம் அணைந்தன. அன்றும் தோல்விதான்.

சாயங்காலம் கேப்டன் போனில் ஆமையின் விவர அட்டையைத் திறந்து சத்தமாகப் படித்தார். "வாங்கிய அடியைச் சேர்த்துவைத்து, ஒரே அடியாகத் திருப்பும். தேற்றினால் சேர்த்தது போகும். அடேயப்பா! அக்கா, இத நீங்க படிக்கவே இல்லையா?"

"படிச்சேன்ணே. அடி வாங்க வெச்சாத்தானே..." என்று சொல்லவந்தவள் நிறுத்திக்கொண்டாள். தம்பியின் ஆமையை அடி வாங்க அவள் விட்டதே இல்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் போனை எடுக்கவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த அதிகாரியின் அறையை நினைத்துக்கொண்டு வந்தாள். தம்பி பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததில் இறங்கி நடந்து வந்தாள்.

அதன்பின் தினமும் முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்தது. முன்னால் பெரியப்பாவும் ஆடும். பின்னால் தவளையும் குருவியும். உலைவாயன் மூச்சை இழுக்கும்போது தவளை அவன் வாய்க்குள் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், பாதி நெருப்பு உள்ளேயே அவிந்துவிடும். குருவி தன்னையும் தவளையையும் மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். ஆடு முட்டி முட்டிப் பூதத்தைக் கரைக்க வேண்டும், ஆனால் கொன்றுவிடக் கூடாது. ஒருநாள் ஆடு உற்சாகத்தில் கொன்றேவிட்டது. ஜெயித்ததற்காக அழுத ஒரே ஆள் அக்காதான் என்றார் கேப்டன். மிகவும் கஷ்டமான வேலை கட்டைவிரலுக்கு. அது பெரியப்பாவைத் தேற்றப் போகாமல் இருக்க வேண்டும்.

பருவத்தின் கடைசி நாள். மதியம். கேப்டன் தோளுக்குப் பின்னால் நின்றார். சித்தி மடிப்பு மேசையை விட்டு வந்தார். மேற்பார்வையாளர் ஏதோ துணியை எண்ணுவது போலப் பக்கத்தில் நின்றார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆமையின் ஓடு முழுக்க மஞ்சள் கோடுகள். உயிரோ நூல் அளவு. உலைவாயனுக்கும் அப்படியொன்றும் அதிகம் இல்லை. இப்போதே திருப்பி அடித்தால் பூதம் விழுவதற்குக் கொஞ்சம் குறையும். இன்னும் ஒரு பிறாண்டலைத் தாங்கினால் போதும். தாங்குவாரா என்பதுதான்.

"தேத்துடி, செத்துருவாரு!" என்றார் சித்தி.

"தேத்தாதீங்க! ஆட்ட நிறுத்துங்க, அது முட்டிடப் போகுது!" என்றார் கேப்டன்.

அக்கா வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். இடது விரலால் ஆட்டையும் மற்றவர்களையும் சும்மா இருக்கச் சொன்னாள். "அவரு பாத்துக்குவாரு சித்தி" என்றாள்.

நகம் இறங்கியது. ஓடு அதிர்ந்தது. நூல் அறவில்லை. பெரியப்பா கழுத்தை மெல்ல வெளியே நீட்டி, வழக்கம்போல யோசித்து, பிறகு அடித்தார். உலைவாயன் அடுப்பு சரிவதுபோலச் சரிந்தான்.

கேப்டன் போட்ட கூச்சலில் வார்டு ஜன்னல்கள் திறந்தன.

திரையில், சொந்தக்காரருக்கு அனுப்ப ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வரிகள் முன்பே எழுதப்பட்டவை. "வெற்றி!" "நன்றி, நண்பரே." "மறுபடி விளையாடலாம்." "எல்லாம் உன் குட்டியால்தான்."

"வீட்டுக்கு வான்னு ஒண்ணு இல்லையா?" என்று கேட்டார் சித்தி.

"இல்ல சித்தி."

இருந்திருந்தாலும் அதைத் தொட்டிருப்பாளா என்று தெரியாது. கடைசி வரியைத் தொட்டாள். "அனுப்பப்பட்டது" என்று வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருளை ஓடத் தொடங்கியதும் போய் வலது முனையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பட்டியலில் தம்பியின் பெயர் இல்லை. காலியான இடத்தில் ஒரு கூட்டல் குறி. கேப்டன் தன் நண்பர்கள் யாரையாவது சேர்த்துவிடட்டுமா என்று கேட்டார். "இருக்கட்டும்ணே" என்றாள். அந்த இடம் இன்றும் அப்படியே இருக்கிறது.

பட்டியலிலிருந்து பெயர் உதிர்ந்தாலும் அனுப்பிய சேதி அழியாதாம். கேப்டன் விசாரித்துச் சொன்னார். அவன் என்றைக்கு அந்த விளையாட்டைத் திறந்தாலும் அது முதலில் வந்து நிற்கும். அவன் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை நாலு பேருக்கு அனுப்புங்கள், போன் இல்லாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். எங்காவது, ஏதாவது ஒரு ஊரில், பெரியப்பா என்று ஒரு சேற்றாமைக்குப் பெயர் வைத்தவன் ஒருவன் இருப்பான். அவன் காதில் விழும்வரை சொல்லுங்கள்.