சுவரில் இருந்த அண்ணன்

மலேசியாவில், எங்கள் மெர்போக்கில் இந்த வாரமும் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரிக்காக வாளியோடு வரிசையில் நின்றிருந்தேன். எதிர்க் கடைச் சுவரில் ஓர் இளைஞன் தேர்தல் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். மரவள்ளி மாவுப் பசையின் புளித்த வாடை வந்தது.

சின்ன வயதில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையான லயத்தில் இருந்த எங்கள் வீட்டிலும் இதே வாடைதான். பலகைச் சுவரின் இடுக்குகளில் காற்று புகுந்ததால், தேர்தல் முடிந்து மிஞ்சிய போஸ்டர்களை அப்பா வீட்டுக்குள்ளே ஒட்டிவிட்டார். எல்லாவற்றிலும் ஒரே வேட்பாளர். நாங்கள் சாப்பிடும்போதும், அம்மை போட்டுக் கிடந்தபோதும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அடுப்புப் புகையில் அந்த முகம் மஞ்சளாகிப் போனது.

அடுத்த தேர்தலுக்கு அவரே நேரில் வந்தார். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்க வேண்டுமென்று பெண்கள் கூடிப் பேசி, வாய்த்துடுக்கான என் அம்மாவை முன்னால் நிறுத்தினார்கள். அவரைக் கண்டதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்னாண்ணே, இப்படி இளைச்சிட்டீங்க? வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தார். கும்பிட்டார். காரேறிப் போய்விட்டார்.

"பைப்பு கேட்டியா இல்லியா?" என்று அப்பா கத்தினார்.

"மறந்துட்டேங்க. நம்ம வீட்டு ஆளு மாதிரியே இருந்துச்சி."

ஓட்டும் அவருக்கே போட்டார்கள். அவர் குடித்த கிளாஸைக் கழுவ அம்மா ஆற்றுக்குத்தான் போனாள்.

"லாரி இன்னைக்கும் வராதுலா" என்றார் வரிசையில் நின்ற அக்கா. ஒட்டி முடித்த இளைஞன் போய்விட்டான். சுவரிலிருந்த புது முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. வெறும் வாளியோடு நின்ற நானும் பதிலுக்குச் சிரித்துவிட்டேன்.