சைகோன் மாமியின் சின்ன ரொட்டி

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் யார் கையிலாவது ரொட்டியைக் கண்டால், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றுதான் கேட்பார்கள். நல்ல உடம்போடு இருக்கிற மனிதன் காசு கொடுத்து ரொட்டி வாங்கித் தின்பான் என்பது தேவிபட்டினத்தில் யாருக்கும் தோன்றாத விஷயம். காய்ச்சல் என்றால் வைத்தியர் பாலும் ரொட்டியும் கொடுக்கச் சொல்வார். பஸ்காரரிடம் சொல்லி இராமநாதபுரத்திலிருந்து ஒரு ரொட்டி வரவழைப்பார்கள். நோயாளி அதைப் பாலில் நனைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார். அப்படிப்பட்ட ஊரில்தான் என் மாமா ரொட்டிக்கடை வைத்தார்.

மாமா என் உம்மாவின் தம்பி. மீசை முளைப்பதற்கு முன்பே கப்பலேறி, சைகோனில் நம்மூர்க்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் கடற்கரையில் அது ஒன்றும் புதுமையில்லை. வீட்டுக்கு ஒருவர் கொழும்பிலோ பினாங்கிலோ சைகோனிலோ இருப்பார். திரும்பி வந்தவரைச் சபுராளி என்று மரியாதையாகச் சொல்வோம். பிரெஞ்சுக்காரன் அந்த நாட்டை விட்டுப் போனதும் ஜவுளிக்கடை நொடித்துப்போய், மாமா ஊர் திரும்பினார். மற்ற சபுராளிகள் அத்தர் புட்டியும் பட்டுத்துணியும் கொண்டுவருவார்கள். மாமா மாமியைக் கொண்டுவந்தார்.

மாமி சைகோன்காரி. கலிமா சொல்லி, பெயரை மாற்றி, மாமாவை நிக்காஹ் செய்துகொண்டவர். ஒல்லியான உடம்பு, சின்னக் கண்கள். தலையில் முக்காடு நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். தமிழ் பேசுவார். ஆனால் அது ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஆண்பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கற்ற தமிழ். அதனால் எல்லாரையும் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். என்னையும் ஏலே, உம்மாவையும் ஏலே, ஒருமுறை பள்ளிவாசல் மோதினாரையும் ஏலே. மோதினார் சிரித்துவிட்டார். உம்மா சிரிக்கச் சில மாதங்கள் ஆயின.

கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலுக்குப் போகும் பாதையில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கீற்றுக்கொட்டகை போட்டார் மாமா. முன்னால் அவர் நின்று வியாபாரம் பார்ப்பார். பின்னால் ஓலைத்தட்டி மறைவில் மண்ணால் கட்டிய அடுப்பும் மாமியும். சைகோனில் தெருவோரம் குட்டை முக்காலியில் குந்திக்கொண்டுதான் இந்த ரொட்டியைத் தின்பார்களாம். அதே மாதிரி தச்சரிடம் சொல்லி ஒரு சாண் உயரத்தில் முக்காலிகள் செய்து வாசலில் பரப்பியிருந்தார். நவபாஷாணத்துக்கு முன்னோர் காரியம் செய்ய வருகிறவர்கள் அந்த முக்காலிகளைப் பார்த்துவிட்டு, பிண்டம் வைக்க இங்கேதான் உட்கார வேண்டுமா என்று கேட்டார்கள். மீன் வாடை அடித்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்த ரொட்டியை நான் எப்படிச் சொல்வேன். முழங்கை நீளம், மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. மாமி அதைக் கத்தியால் பக்கவாட்டில் கீறி வாயைத் திறப்பார். புளிக்காடியில் சர்க்கரை போட்டு ஊறவைத்த முள்ளங்கி, பப்பாளிக்காய்ச் சீவல், வெள்ளரிக்காய், வறுத்த மீன், ஒரு கொத்து மல்லித்தழை, நீளவாக்கில் கீறிய பச்சைமிளகாய் என்று ஒவ்வொன்றாக உள்ளே அடுக்குவார். கடைசியில், நெத்திலியை உப்பில் போட்டு ஜாடியில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த ஒரு சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுவார். அந்த ஜாடியைத் திறந்தால் கருவாட்டோடு பிறந்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களே மூக்கைப் பொத்துவார்கள். வாயில் வைத்தாலோ, இன்றைக்கும் எனக்கு நாக்கில் நீர் ஊறுகிறது.

முதல் நாள் வந்த மனிதர் ரொட்டியை இரண்டாகப் பிரித்தார். உள்ளே இருந்த மீனையும் முள்ளங்கியையும் விரலால் வழித்துத் தின்றார். பிறகு வெறும் ரொட்டியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி முக்கிச் சாப்பிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார். தட்டி இடுக்கு வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடம் விட்டு நான் அப்போதுதான் வந்திருந்தேன்.

"ஏலே, நீ வா. இங்கன உக்காரு. வாயத் தொற."

எனக்கு அப்போது முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. மாமி என் முகவாயைப் பிடித்து அந்த இடைவெளியைப் பார்த்தார். ஈறில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் மாவை உருட்டி அடுப்பில் வைத்து, ஒரு குட்டி ரொட்டியைச் சுட்டு எடுத்தார். என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். மேல்தோல் மொறுமொறுப்பாக இல்லை, பல் இல்லாதவளும் கடிக்கிற பதம். மிளகாயை எடுத்துவிட்டு மற்றதெல்லாம் வைத்துக் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிரிக்காமல், நனைக்காமல், கடைவாயால் கடித்துத் தின்னக் கற்றுக்கொண்டேன். தின்று முடிக்கும் வரை மாமி முட்டியைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து தினமும் ஒரு சின்ன ரொட்டி. எனக்கென்றே சுட்டது என்று நினைக்க எனக்கு எவ்வளவு பெருமை. உம்மாவுக்கு என்னைத் தவிர நான்கு பிள்ளைகள். எனக்கென்று ஒரு பண்டத்தைத் தனியாகச் செய்து, நான் தின்பதை ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பது என்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். மாமிக்குப் பிள்ளையில்லை, அதனால் உன்மேல் உசிரு என்று தெருவில் சொன்னார்கள். நானும் அதை அப்படியே நம்பினேன்.

கடை ஓடவில்லை. சாயங்காலம் சபுராளிகள் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களுக்குத்தான் அந்த ரொட்டியைத் தின்னத் தெரியும். குட்டை முக்காலியில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார்கள். தின்று முடித்ததும் உடனே எழுந்து போகமாட்டார்கள். கடல் இருக்கிற திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்த நாலைந்து பேரை வைத்து ஒரு கடையை எத்தனை நாள் நடத்த முடியும்.

ஒருநாள் மதியச் சோற்றின்போது மாமா உம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கடை மட்டும் கால் ஊனி நின்னுருச்சுன்னா லாத்தா, இவள ஒரு தடவ கப்பல்ல கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவேன்."

உம்மா என்னைப் பார்த்தார். போய்த் தண்ணீர் மொண்டு வா என்று விரட்டினார். போய் வாரேன் என்று சொல்லிக் கப்பலேறிய எத்தனையோ பேர் எங்கள் தெருவில் வெறும் பெயராக மட்டும் இருந்தார்கள். மாமி போய்விட்டால் திரும்பி வருவார் என்று என்ன நிச்சயம். அன்று மஃரிபு தொழுகைக்கு உம்மாவின் பக்கத்தில் நின்றபோது என் சொந்தத் துஆ ஒன்றைக் கேட்டேன். யா அல்லாஹ், மாமா கடையை மூடக் கூடாது. ஆனால் அது ரொம்ப நன்றாகவும் ஓடக் கூடாது. மாமி கப்பலேறக் கூடாது. இவ்வளவு சிக்கலான துஆவை அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு இரண்டு பேர் படுத்தார்கள். இராமநாதபுரத்துக்கு ஆளனுப்ப வேண்டியதில்லை, ஊருக்குள்ளேயே ரொட்டி கிடைக்கிறது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. மாமாவின் கடை வாசலில் கூட்டம் தள்ளியது. எல்லாருக்கும் வெறும் ரொட்டி. மீன் வேண்டாம், முள்ளங்கி வேண்டாம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மாமி விடிவதற்கு முன்பே மாவு பிசைய உட்கார்ந்தால் அந்தி வரை எழுந்திருக்கமாட்டார். தான் அடுக்கிவைத்த முள்ளங்கியை யாரும் சீந்தவில்லை என்று அவர் வருத்தப்படவில்லை. அடுப்புப் புகையில் கண் சிவந்துபோய், அவருடைய நாட்டுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ரொட்டி சுட்டார். மாமியை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. நான்தான் ஒவ்வொரு தொழுகையிலும் என் துஆவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மாமா ஒரு தகரப்பெட்டி வாங்கி வந்தார். பச்சை வண்ணம், மூடியில் ரோஜாப்பூ. கப்பலுக்கான பெட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. மாமி என்னை நிற்கவைத்து, நூலால் இடுப்பையும் உயரத்தையும் அளந்து, வாடாமல்லி நிறத்தில் ஒரு பாவாடை சட்டை தைத்தார். பெருநாளுக்கு எனக்கு என்று நான் தோழிகளிடம் பெருமையடித்தேன். தைத்து முடித்ததும் அதை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கோபத்தில் இரண்டு நாள் கடைப்பக்கம் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பசி என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

காய்ச்சல் வந்த வேகத்தில் போய்விட்டது. அதோடு கடையும் படுத்துவிட்டது. முன்பாவது பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்னதான் கடை என்று எட்டிப் பார்ப்பார்கள். இப்போது அது நோய்க்காரர்களுக்கான கடை என்றாகிவிட்டது. நல்லவிதமாக இருக்கிறவர்கள் அதைத் தாண்டும்போது பிள்ளைகளின் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் தகரப்பெட்டி கடைக்கே வந்து சேர்ந்தது. எலிக்குப் பயந்து அதில் மைதாமாவைக் கொட்டிவைத்தார்கள். வாடாமல்லிப் பாவாடை பெருநாளைக்கு என்னிடம் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு மாமி முன்னால் போய் நிற்காதே என்று உம்மா சொன்னார். உம்மாவுக்கு என்ன தெரியும் என்று நான் நேரே மாமியிடம்தான் ஓடினேன். மாமி என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இடுப்பு நாடாவை இழுத்துக் கட்டிவிட்டார். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் சபுராளிகளாலும் அவ்வப்போது வரும் காய்ச்சல்காரர்களாலும் கடை சில வருஷம் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடியது. என் துஆவில் கேட்டபடியே, மூடவும் இல்லை, ஓடவும் இல்லை. நான் தினமும் போனேன். முன்பற்கள் முளைத்ததும் என் ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுப்பானது. அடுத்த வருஷம் ஒரு மிளகாய் சேர்ந்தது. சின்ன ரொட்டி என்றே அதைச் சொல்லிவந்தாலும் அது வருஷத்துக்கு ஒரு விரற்கடை நீண்டுகொண்டே போனது. மாவை உருட்டும்போது மாமி என் கையைப் பிடித்து நீட்டச் சொல்லி, பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

பிறகு நான் பெரியபிள்ளையானேன். எங்கள் பக்கத்தில் அதோடு தெருவை மறந்துவிட வேண்டியதுதான். கடைக்குப் போகவும் கூடாது, வாசலில் நிற்கவும் கூடாது. உள்ளறையில் என்னை உட்காரவைத்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். தாய்மாமன் வீட்டுச் சீர் வர வேண்டுமல்லவா, மாமியும் சொந்தக்காரப் பெண்கள் சிலரும் தட்டுகளைச் சுமந்து வந்தார்கள். சேலை, பழம், களி, பூ. ஒரு தட்டில் வெள்ளைத்துணியால் மூடிய ரொட்டி ஒன்று இருந்தது. முழங்கை நீளம். பெரியவர்களுக்குச் சுடுகிற அதே ரொட்டி, எல்லாம் உள்ளே வைத்தது. சமைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் ரொட்டியா என்று பெண்கள் சிரித்தார்கள்.

மாமி சிரிக்கவில்லை. என்னை எழுந்து நிற்கச் சொன்னார். என் தலைமேல் கையை வைத்து, அப்படியே அந்தக் கையைத் தன் பக்கம் கொண்டுவந்தார். அது அவருடைய காதுக்கு நேராக வந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.

"ஏலே," என்றார். "வளந்துட்ட."

அப்புறம் தரையில் உட்கார்ந்து, முக்காடு நழுவியது தெரியாமல், வாய்விட்டு அழுதார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, பிள்ளையில்லாத ஏக்கம், பாவம், என்று முதுகைத் தடவினார்கள். இனி நான் கடைக்கு வரமாட்டேன் என்றுதான் மாமி அழுகிறார் என்று எனக்கும் அழுகை வந்தது. ஆனால் பசியில் ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டேன். இந்த முறை அவர் நான் தின்பதைப் பார்க்கவில்லை.

அந்த மாதமே கடையை மூடினார்கள். ஊரில் வியாபாரம் இல்லை என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். வியாபாரம் என்றைக்குத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற நான் கேட்டது வேறு. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே என்று உம்மா கேட்டதற்கு மாமி சொன்னார்:

"இனி யாருக்குச் சுடுறது?"

மாமி அதன்பின் ரொட்டி சுடவேயில்லை. எங்கள் எல்லாரையும் போலச் சோறும் மீனாணமும் சமைத்து, மெல்ல மெல்ல ஏலே போடுவதை விட்டு, எங்கள் ஊர்ப் பொம்பளையாகவே வாழ்ந்து மௌத்தானார்.

என் மகள் பெரியபிள்ளையான அன்று, சீர்த்தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த உம்மா, உன் மாமி கொண்டுவந்த ரொட்டி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தாமல், இனி மறைக்க யார் இருக்கிறார்கள் என்பது போலச் சொன்னார்.

"அவளுக்கு அங்கன ஒரு பொம்பளப்புள்ள இருந்துச்சு. மொதப் புருசனுக்குப் பெறந்தது. ஒன் வயசு. அவளப் பெத்த கெழவி புள்ளைய விடமாட்டேன்னு வச்சுக்கிட்டா. கடை கால் ஊனி நின்னதும் போய்க் கூட்டிட்டு வந்துருவோம்னு ஒம் மாமன் வாக்குக் குடுத்துருந்தான்."

என் உள்ளங்கை நீளத்துக்கு மாமி உருட்டிய மாவு எனக்கு ஞாபகம் வந்தது. முன்பல் விழுந்த ஒரு பிள்ளை எந்தப் பக்கத்தால் கடிக்கும், எந்த வயதில் மிளகாய் தாங்கும், ஒரு வருஷத்தில் கை எவ்வளவு நீளும் என்பதையெல்லாம் அவர் என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். நான் வளர்ந்துவிட்டேன் என்றால் அங்கேயும் ஒருத்தி வளர்ந்துவிட்டாள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது. கடை மூடிய நாளன்று சாயங்காலம், மாமி இனி எங்கும் போகமாட்டாள், கப்பல் பேச்சு முடிந்தது என்று உம்மா வாப்பாவிடம் சொல்வது உள்ளறைக்குக் கேட்டது. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் ஏந்தி, என் துஆவை ஏற்றுக் கபூலாக்கிய அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.